வெள்ளைச் சேலையில் விழுந்த வண்ணம்

பிருந்தாவனத்து ஆதரவற்ற விதவைகளுக்குச் சோறும் கூரையும் ஓரளவு உறுதியான பிறகு எழுந்த கேள்வி: மிச்சமிருக்கும் பொழுதை என்ன செய்வது?

2016 மார்ச்சில், ஹோலிக்குச் சில நாட்கள் முன்பு, பிருந்தாவனத்தின் பழமையான கோபிநாத் கோயில் முற்றத்தில் வெள்ளைச் சேலைப் பெண்கள் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். கூடை கூடையாக வந்திறங்கிய பூவிதழ்களை அள்ளி ஒருவர் தலையில் ஒருவர் கொட்டினார்கள். குலால் பொடி பறந்தது. கொஞ்ச நேரத்தில் யாருடைய சேலையும் வெள்ளையாக இல்லை. சமஸ்கிருத பண்டிதர்களும் வந்து கலந்துகொண்டார்கள். விதவையின் முகத்தில் விழித்தாலே அபசகுனம் என்று ஒதுங்குகிற ஊர்வழக்கில், கோயிலுக்குள்ளேயே இப்படி ஒரு ஹோலி சாமானிய விஷயம் அல்ல. இதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக இந்தக் கொண்டாட்டம் ஆசிரமச் சுவர்களுக்குள்தான் நடந்துவந்தது.

தமிழர்களுக்குப் பிருந்தாவனம் அவ்வளவு அந்நியமான ஊர் இல்லை. 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ரங்கஜி கோயிலில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளியிருக்கிறார்கள். கோபுரமும் நம் ஊர்ப் பாணி. அங்கே யாத்திரை போய்வந்தவர்கள், கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் மொட்டையடித்த தலையும் நெற்றியில் கோபிசந்தனமுமாகக் கையேந்தும் மூதாட்டிகளைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பார்கள். சில்லறை போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

இவர்களில் கணிசமானவர்கள் வங்காளிகள். கணவன் இறந்தபின் வீட்டாரே கொண்டுவந்து விட்டவர்கள் உண்டு. வீட்டில் இருக்க முடியாமல் தாமாகவே ரயிலேறியவர்களும் உண்டு. கிருஷ்ணனின் ஊரில் செத்தால் மோட்சம் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் பொது. பஜனாசிரமங்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்து நாமம் பாடினால் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் காசு. மற்ற நேரத்துக்குத் தெரு இருக்கிறது. பாட்டு என்பது பொழுதுபோக்காக இல்லாமல் கூலிவேலையாகிவிட்ட ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா என்பது சந்தேகமே.

நிலைமையை அசைத்தது உச்ச நீதிமன்றம். நிராதரவாக இறக்கும் விதவைகளுக்கு முறையான ஈமச்சடங்குகூட நடப்பதில்லை என்ற செய்திகளின் பின்னணியில், 2012இல் இந்தப் பெண்களின் நிலை பற்றி நீதிமன்றம் கடுமை காட்டியது. கழிப்பறை இயக்கத்துக்குப் பெயர் பெற்ற சுலப் இன்டர்நேஷனல் அமைப்பு உதவ முடியுமா என்றும் விசாரித்தது. அதன் நிறுவனர் பிந்தேஷ்வர் பாட்டக் ஒப்புக்கொண்டார். மாதாந்திர உதவித்தொகை வந்தது. முதலில் 1,000 ரூபாய், பிறகு 2,000. ஆம்புலன்ஸும் டெலிவிஷனும் வந்தன.

இத்துடன் நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல தர்ம காரியமாக முடிந்திருக்கும். 2013இல் ஹோலி தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில், தீபாவளிக்கு யமுனையின் கேசி படித்துறையில் அகல் விளக்குகள் ஏற்றினார்கள். ரட்சா பந்தனுக்குத் தாங்களே ராக்கி செய்து பிரதமருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் விதவை கலந்துகொள்ளக் கூடாது என்று விலக்கப்பட்ட மங்கல நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் பண்டிகை என்றால் பாயசமும் பாட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது. இங்கே ஒரு சிட்டிகை குலாலில் அரை நூற்றாண்டுக் கட்டுப்பாடு ஒன்று கரைகிறது.

விமர்சனம் இல்லாமல் இல்லை. ஹோலி நாளில் பெண்களின் எண்ணிக்கைக்குப் போட்டியாக கேமராக்கள் குவிகின்றன. வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இதைவிட வசதியான படம் கிடைக்காது. ஒரு நாள் வண்ணம் பூசிவிட்டு மீதி 364 நாட்களை வெள்ளையாகவே விட்டுவிடுகிறார்களே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் படங்களின் பயனையும் மறுக்க முடியாது. பல ஆண்டுகள் ஆய்வறிக்கைகளில் உறங்கிய ஒரு விஷயம் அவற்றால்தான் சாதாரண வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது.

ஹோலியைவிடக் கனமானது, அதிகம் பேசப்படாத இன்னொரு பயணம். 2013 அக்டோபரில் சுமார் 50 பேர் துர்கா பூஜைக்காக கொல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். வங்காளிக்குத் துர்கா பூஜை என்பது மகள் பிறந்த வீட்டுக்கு வரும் பண்டிகை. அம்மனே கைலாயத்திலிருந்து பிள்ளைகளுடன் தாய்வீடு வந்து சில நாள் தங்கிப்போவதாக ஐதீகம். தாய்வீடு, புகுந்தவீடு இரண்டுமே இல்லாமல் போனவர்கள், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தப் பந்தல் வெளிச்சத்தில் நின்றார்கள். எந்த இல்லத்திலும் சுற்றுலா என்றால் பக்கத்து ஊர்க் கோயில், பூங்கா, மதியச் சாப்பாடு என்று நிர்வாகம் முடிவு செய்வதே வழக்கம். இந்தப் பயணத்தின் திசை அந்தப் பெண்களின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. யார் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இப்படி ஒரு பயணம் சாத்தியமே இல்லை.

முதியோர் இல்ல நிர்வாகிகள் தவறவிடும் நுட்பம் இதுதான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில இல்லம் ஒன்றில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் நடத்தி 1976இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்து நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள், எந்த நாள் சினிமா பார்ப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொன்னார்கள். இன்னொரு தளத்திலும் செடி உண்டு, சினிமா உண்டு. ஆனால் செடியைக் கொடுத்ததும் தண்ணீர் ஊற்றியதும் ஊழியர்கள், நாளைக் குறித்ததும் ஊழியர்கள். சில வாரங்களில் முதல் தளத்தினர் அதிகச் சுறுசுறுப்பாகவும் உற்சாகமாகவும் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான்; அதிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவ வேண்டியதில்லை. ஆனால் இல்லத்தில் ஒரு வாரம் தங்கிய எவருக்கும் இதை நிரூபிக்க ஆய்வே தேவையில்லை.

இந்தியாவில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது தளத்துக் கதை. யாரோ ஒருவரின் குழந்தைக்குப் பிறந்தநாள். கேக், பிரியாணி, வரிசையாக உட்கார வைத்து ஒரு போட்டோ. வந்தவர்கள் மனதார வருகிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குப் பசி இல்லை என்பது கணக்கில் வராது. ஆசீர்வதிப்பதும் கைதட்டுவதும் இல்லவாசிகளின் கடமையாகிவிடுகிறது. விசேஷ நாட்களில் இரண்டு குடும்பங்கள் ஒரே மதியத்துக்குச் சாப்பாடு கொண்டுவருவதும், மழைக்கால மாதம் முழுக்க ஒருவரும் எட்டிப் பார்க்காததும் நிர்வாகிகளுக்குப் பழகிப்போன விஷயம்.

இத்தனைக்கும் சட்டம் இதை மறக்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படியான இல்லங்களை மாநில அரசுகள் படிப்படியாக அமைக்கலாம் என்கிறது அதன் 19ஆவது பிரிவு. அங்கே வசிப்பவர்களின் மருத்துவத்துக்கும் பொழுதுபோக்குக்கும் தேவையான சேவைகளை வரையறுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மருந்துக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கை உட்கார வைத்த சட்டம். நடைமுறையில் அந்தச் சொல் பெரும்பாலும் கூடத்து மூலையில் சத்தமாக ஓடும் ஒரு டெலிவிஷனாகச் சுருங்கிவிடுகிறது. ரிமோட் யார் கையில் என்பது வேறு விஷயம்.

2018 ஆகஸ்டில் பிருந்தாவனத்தில் மத்திய அரசின் கிருஷ்ண குடீர் திறக்கப்பட்டது. 1,000 பெண்கள் தங்கக்கூடிய பிரம்மாண்டமான இல்லம். லிஃப்ட், சாய்தளம், நவீன சமையலறை, தொழிற்பயிற்சி மையம் எல்லாம் உண்டு. முதியோர் நல அமைப்பான ஹெல்ப்ஏஜ் இந்தியாவைக் கலந்தாலோசித்து வடிவமைத்தார்கள். சாய்தளம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். படி இறங்க முடியாதவளுக்கு ஊர்சுற்றுவது என்ற பேச்சே வாசற்படியில் முடிந்துவிடுகிறது. 30 முதியவர்களை வெளியே கூட்டிப் போவதென்றால் பஸ் பிடிப்பது மிகச் சுலபமான வேலை. வழியில் உட்காரும் கழிப்பறை எங்கே, சர்க்கரை மாத்திரை யார் பையில், கண் மங்கியவரின் கையை யார் பிடிப்பது, வெயில் ஏறுவதற்குள் திரும்ப முடியுமா என்பதில்தான் பயணம் நிற்கிறது அல்லது விழுகிறது.

சுலப் நடத்திய காரியங்களில் அதிகம் படம் பிடிக்கப்படாதவை வகுப்புகள். இந்தி, வங்காளி, கொஞ்சம் ஆங்கிலம். கூடவே தையல், ஊதுபத்தி செய்தல், பூத்தொடுத்தல். எழுபது வயதில் எழுத்துக் கற்று என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்கள், கைநாட்டு வைத்தே காலம் கழித்தவர்கள் அல்ல. உதவித்தொகைக்கும் ஒரு வேலை இருக்கிறது. கையில் சொந்தமாக நூறு ரூபாய் இருப்பவள் கடைத்தெருவில் பேடா வாங்கலாம், வேண்டாம் என்று அடுத்த கடைக்கும் போகலாம்.

பாட்டக் 2023 ஆகஸ்ட் 15 அன்று காலமானார். ஹோலி நிற்கவில்லை, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கோபிநாத் கோயில் முற்றம் சிவந்தது. முற்றம்வரை வர முடியாதவர்கள் எந்த இல்லத்திலும் உண்டு. படுக்கையோடு கிடக்கும் அவர்களுக்கு பஸ்ஸும் பந்தலும் பயன்படாது. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடவும், அவர்களுக்குத் தெரிந்த மொழியில் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசவும் ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலான இல்லங்களின் சம்பளப் பட்டியலில் அந்த வேலைக்கு இன்னும் பெயரே கிடையாது.