இரத்தக் காட்டேரியும் பழையனூர் நீலியும்

உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் புலப்படும் நிலையைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று வழங்கினார். மெய்ப்பாடு எட்டு, அவற்றுள் ஒன்று அச்சம். அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்றும் அவர் வகுத்தார். தெய்வமும் பேயும் முதலிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், ஒறுக்கும் அதிகாரம் படைத்த இறை என்பவை அவை. இப்பகுப்பை மனத்திற்கொண்டு நோக்கினால், மேலைநாட்டுத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் ஒரு நூற்றாண்டாக உலவிவரும் இரத்தக் காட்டேரிக்கு அத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

1897-ஆம் ஆண்டில் பிராம் ஸ்டோக்கர் என்னும் ஐரிஷ் எழுத்தாளர் 'டிராகுலா' நாவலை வெளியிட்டார். அதில் வரும் டிராகுலா செத்தும் சாகாதவன்; ஆதலின் அணங்கு. ஓநாயாகவும் வௌவாலாகவும் உருமாறுபவன், ஆதலின் விலங்கு. இரவில் நுழைந்து உறங்குவோரின் குருதியைக் கவர்பவன், ஆதலின் கள்வன். மலைக்கோட்டையில் வாழும் பிரபு, ஊரார் பெயர் சொல்லவும் அஞ்சும் பெருநிலக்கிழான், ஆதலின் இறை. நான்கு களங்களும் ஓர் உருவில் வந்து கூடின. அஞ்சாதிருப்பது எங்ஙனம்?

இக்கதையைத் தழுவி 1922-இல் ஜெர்மானிய இயக்குநர் முர்னோ 'நாஸ்பெராட்டு' என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். உரிமை பெறாமல் எடுத்தமையால் ஸ்டோக்கரின் மனைவியார் வழக்குத் தொடுத்தார். படிகளை அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. ஆயினும் சில படிகள் தப்பிப் பிழைத்தன. புதைகுழியினின்றும் எழும் பேயைக் காட்டிய படம் தானும் அவ்வாறே எழுந்தது! ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் நடமாடுவான். கதிரொளி பட்டதும் காட்டேரி மாயும் என்னும் எண்ணம் இப்படத்தின் வழியாகவே பரவியது. தொன்றுதொட்ட நம்பிக்கை என்று பலரும் கருதுவது உண்மையில் திரை ஈன்ற குழந்தை.

1931-இல் வந்த 'டிராகுலா'வில் ஹங்கேரி நாட்டில் பிறந்த பேலா லுகோசி நடித்தார். அப்படத்தில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை; அவர் கோரைப்பல்லைக் காட்டுவதும் இல்லை. என்னை அதிற் கலங்கச் செய்தது அவருடைய உபசாரமே. விளக்கேந்திப் படியிறங்கி வந்து விருந்தினனை வரவேற்கும் அந்த இன்சொல், பின்னர் எடுக்கப்பட்ட பல படங்களின் கூக்குரலினும் கொடிது. 1958-இல் இங்கிலாந்தின் ஹாம்மர் நிறுவனம் கிறிஸ்டோபர் லீயைக் கொண்டு இதே கதையை வண்ணத்தில் எடுத்தது. பல் தெரிந்தது, சிவந்த குருதியும் தெரிந்தது. காண்கையில் என் உள்ளத்தில் எழுந்தது அச்சத்தினும் அருவருப்பே. அச்சம் வேறு, இளிவரல் வேறு என்று நம் இலக்கணம் தனித்தனியே வைத்ததன் நுட்பம் அப்போது விளங்கிற்று.

தொலைக்காட்சி செய்த மாற்றம் இன்னும் பெரிது. அமெரிக்காவில் 1966 முதல் 1971 வரை 'டார்க் ஷாடோஸ்' என்னும் தொடர் பிற்பகல் வேளைகளில் ஒளிபரப்பாயிற்று. 1967-இல் அதில் பார்னபாஸ் காலின்ஸ் என்னும் காட்டேரி தோன்றினான். நாள்தோறும் வீட்டுக்கு வரும் பேயை எத்தனை நாள் வெறுக்க முடியும்? அவன் துயரும் தனிமையும் இழந்த காதலும் கண்டு மக்கள் இரங்கலாயினர். அச்சம் அழுகையாயிற்று. அழைப்பின்றி வாயிற்படி கடவாதவன் காட்டேரி என்பது ஸ்டோக்கர் வகுத்த விதி. தொலைக்காட்சிப் பெட்டியை நாமே விலைகொடுத்து வாங்கி நடுக்கூடத்தில் வைத்துவிட்டபின், அழைப்புக்குக் குறையேது?

மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒரு சொல் இடர் தருகிறது. வேதாளம் கூறிய கதைகளை 1870-இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்டு பர்ட்டன், வேதாளத்தை 'வாம்பயர்' என்றே பெயர்த்தார். முருங்கை மரம் ஏறும் நம் வேதாளமோ யார் குருதியையும் குடிப்பதில்லை. அது கதை சொல்லும். கதை முடிவில் நீதி கேட்கும். 1985-இல் தூர்தர்ஷனில் 'விக்ரம் அவுர் பேதாள்' தொடராக வந்தபோதும் அது கேள்வி கேட்கும் பேயாகவே வந்தது. மறுதலையாக, அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் 'இரத்தக் காட்டேரி' என்கிறோம். நம் ஊர்ப்புறங்களிலோ கருவுற்ற பெண்ணின் நலம் வேண்டிக் காட்டேரிக்குப் படையலிடும் வழக்கம் உண்டு. மேலைநாட்டார் நெஞ்சில் முளையடித்து ஒழிக்கும் ஒன்றுக்கு நாம் சோறிட்டுச் சினம் தணித்த ஒருத்தியின் பெயரை வைத்துவிட்டோம். அகராதி ஒப்பும், மனம் ஒப்பவில்லை.

வேற்றுமை எங்கே உள்ளது என்பதை அறிய நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயில் புத்தூர், திருத்தணி, அரக்கோணம் கடந்தபின் திருவாலங்காட்டு நிலையத்தைத் தாண்டுகிறது. 1960-இல் எல்லை திருத்தப்படும்வரை அவ்வூர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. காரைக்காலம்மையார் பேயுருத் தாங்கிப் பாடிய பதி அது. அதனை அடுத்தது பழையனூர்.

பழையனூர் நீலியின் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. திருஞானசம்பந்தர் தேவாரத்திலும் அதன் குறிப்புண்டு. கணவனால் கொலையுண்ட பெண் பேயாகிறாள். கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகிறான். அவன் கையில் ஒரு வாள் இருக்கும்வரை அவளால் அவனை அணுக இயலாது. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவியின் உருவில் பழையனூர் மன்றில் நின்று அழுகிறாள். ஊர்ப்பெரியோராகிய வேளாளர் எழுபதின்மர் அக்கண்ணீரை நம்பினர். வாளைக் கொடுத்துவிட்டு மனைவியுடன் தங்குமாறு வணிகனைப் பணித்து, தீங்கு நேரின் தம் உயிரை ஈடாகத் தருவதாக வாக்களித்தனர். விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்தனர்.

டிராகுலாவுக்கு அழைப்பு வேண்டும். நீலிக்கு ஊரின் நம்பிக்கை வேண்டும். இரண்டும் ஒன்றே. முடிவுதான் வேறு. மேலைநாட்டுக் கதை, பேயை எப்படிக் கொல்வது என்று கேட்டு, கொன்றதும் நிம்மதியாக உறங்கப்போகிறது. பழையனூர்க் கதையோ பேயை மறந்து, வாக்குக்குப் பொறுப்பேற்போர் யார் என்று கேட்கிறது. பொய்யழுகையை நாம் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். அவள் வஞ்சத்தை மொழி நினைவில் வைத்தது; அவள் முன்பு கொலையுண்டதை மறந்துவிட்டது.

மறவாத ஊரும் உண்டு. திருப்பதியில் ஆண்டுதோறும் தாத்தய்யகுண்டா கங்கம்மனுக்கு ஜாதரை நடைபெறுகிறது. பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன் ஒருவனை, நாள்தோறும் வேறுவேறு வேடம் பூண்டு தேடி, இறுதியில் துரை வேடத்தில் வந்து தலைகொய்தாள் அன்னை என்பது அதன் வரலாறு. அடியவர் அவ்வேடங்களைப் பூண்டு தெருவில் வருவர். ஆடவர் சேலையுடுத்தி வருவர். இங்கே கொடியவன் கோட்டையில் வாழும் மனிதன். உக்கிர உருவமோ நலிந்தோர் பக்கம் நிற்கிறது. திருவிழாவின் முடிவில் அம்மனின் பெரிய களிமண் முகத்தைக் கலைத்து, அம்மண்ணைக் காப்பாக மக்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். அச்சத்துக்கு ஒரு காலம் வகுத்து, முடிவும் வகுத்து, எஞ்சியதை மருந்தாக்கிக்கொள்ளும் முறை இது.

திரையிலும் கைப்பேசியிலும் வரும் பேய்க்கதைகளுக்கு அத்தகைய முடிவு இல்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது தொடங்குகிறது. அவற்றை விலக்குக என்று நான் கூறவில்லை. நானே விரும்பிப் பார்ப்பவன். ஆனால் அஞ்சிய குழந்தையிடம் "பேய் என ஒன்றில்லை, உறங்கு" என்று மட்டும் சொல்லி விளக்கை அணைத்தல் போதாது. "இந்தப் பேய்க்கு முதலில் தீங்கிழைத்தவர் யார்? அதைக் கண்டும் வாளாவிருந்தவர் யார்?" என்று உடனிருந்து கேட்கலாம். விடை உள்ள கதை நல்ல கதை. குழந்தை அதனை அறிந்துகொண்டு உறங்கும். விடையில்லாத கதையில் இருப்பது சிவப்புச் சாயமே.