கைவிடுவது என்றால் கையை விடுவதா?



"முயற்சியைக் கைவிடாதே" என்று பிள்ளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! தமிழ் படிக்கும் ஓர் ஆங்கிலேயர் அதைக் கேட்டால், 'கை'யையும் 'விடு'வையும் அகராதியில் தனித்தனியே தேடிவிட்டு விழிப்பார். 'கிவ் அப்' என்ற ஆங்கிலத் தொடருக்கு முன் நம் பிள்ளைகள் விழிப்பதும் இப்படித்தான். 'கொடு', 'மேலே' என்று பிரித்தால் ஒன்றும் விளங்காது. சேர்த்துப் பார்த்தால் அது நம்முடைய 'கைவிடு'தான்.

மேற்படிப்புக்கும் தொழிலுக்குமாக வெளிநாடு செல்ல விரும்பும் பலர் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். 1989இல் ஆரம்பமான இப்பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. கட்டணமோ பெரியது, பெறுபேறு செல்லுபடியாவதோ பொதுவாக 2 வருடங்களுக்கே. எனவே நீங்களோ உங்கள் மகளோ ஆயத்தமாகும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனனம் செய்து கொட்டாதீர்கள். பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடங்கள். அதில் சொல்வளத்துக்குக் கிடைப்பது காற்பங்குப் புள்ளி. 7ஆம் தரத்துக்கு மரபுத்தொடர்கள் ஓரளவு வரவேண்டும்; ஆனால் இடமறிந்து வரவேண்டும். "கடற்கரைக்கு அடிக்கடி போவீர்களா?" என்றால், 'வன்ஸ் இன் எ ப்ளூ மூன்' எனலாம். நமது 'அத்தி பூத்தாற்போல' அது. மூத்தம்மாவின் மரணத்தைச் சொல்லும்போது 'கிக் த பக்கெட்' என்றால்? "மூத்தம்மா மண்டையைப் போட்டுவிட்டார்" என்பது போலல்லவா இருக்கும்!

இரண்டாவது, பேச்சு வேறு, கட்டுரை வேறு. பேச்சில் 'புட் ஓஃப்' அழகு. கட்டுரையில் 'போஸ்ட்போன்' பொருத்தம். இரண்டுக்கும் பொருள் ஒத்திவைத்தல்தான். ஆனால் எல்லாக் கூட்டு வினைகளையும் ஒதுக்கத் தேவையில்லை. 'கெரி அவுட்' (செய்து நிறைவேற்றுதல்) கட்டுரையிலும் வரும். சிநேகிதிக்கு எழுதும் கடிதத்தில் தாராளமாகக் கையாளலாம்.

மூன்றாவது, சொல் நிற்கும் இடம். 'பிக் இட் அப்' என்பதே சரி. 'பிக் அப் இட்' பிழை. ஆனால் 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதில் நடுவே எதையும் நுழைக்கக்கூடாது. ஆகவே தனிச்சொல்லாக அன்றி, முழு வசனமாகவே பழகுங்கள்.

எப்படிப் பழகுவது? 'லுக்' என்று தொடங்கும் அத்தனையையும் ஒரே நாளில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். வீட்டு வேலையோடு சேர்த்துப் படியுங்கள். சீனி முடிந்துவிட்டதா? 'ரன் அவுட் ஒஃப்'. வானொலிச் சத்தத்தைக் குறைக்கிறீர்களா? 'டேர்ன் டவுன்'. பிள்ளையை வளர்த்து ஆளாக்குகிறீர்களா? 'ப்ரிங் அப்'. வாரத்துக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டிலிருந்தே ஒரு வசனம் அமைத்துக் கொப்பியில் எழுதுங்கள். மறுவாரம் கொப்பியை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

"பள்ளிக்கூடத்தோடு என் இங்கிலீஷ் முடிந்துவிட்டது" என்று ஒதுங்கும் உம்மாமாரே! மகள் படிக்கையில் கொப்பியைப் பிடித்துக் கேள்வி கேட்க உங்களால் முடியும். அவளுக்குப் பேசிப் பழக ஒரு துணை; உங்களுக்கோ, பாதியில் நின்ற படிப்பின் தொடர்ச்சி.

'கிவ் அப்' என்பதன் பொருள்தான் தெரிந்துவிட்டதே. அதை மட்டும் செய்யாதீர்கள்!