இலவசமா, சுதந்திரமா?

பல்லேகலவில் கிரிக்கெட் மைதானத்துக்கு அண்மையில் வசிக்கும் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய புதல்வர் கணினி பயில்பவர். மண்சரிவினால் இடம்பெயர்ந்து முகாமுக்கு வரும் குடும்பங்களைப் பதிவு செய்வதற்கென மென்பொருள் ஒன்றை இறக்கி வைத்திருந்தார். "இலவசந்தான் மாமா" என்றார். அதன் உரிமத்தை வாசிக்கச் சொன்னோம். வணிக நோக்கமின்றி மட்டுமே பயன்படுத்தலாம் என்று கண்டிருந்தது. மூலநிரலோ தரப்படவில்லை.

"நாங்கள் வியாபாரமா செய்கிறோம்? நற்காரியமல்லவா!" என்றார் நண்பர். நியாயமே. அவர்கள் பயன்படுத்தத் தடையில்லை; ஆயினும் அதனைக் கட்டற்ற மென்பொருள் என்று கூற இயலாது. இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். இரு சொற்கள் உடைய நாம் ஏன் குழம்பவேண்டும்?

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நான்கு உரிமைகளைக் கோருகின்றது: எந்நோக்கத்துக்கும் இயக்குதல், ஆராய்ந்து திருத்துதல், பிரதியைப் பகிர்தல், திருத்திய பிரதியையும் பகிர்தல். 1998இல் தோன்றிய திறமூல அமைப்பின் பத்து நிபந்தனைகளுள், எத்தொழிலையும் விலக்கலாகாது என்பதும் ஒன்று. வணிகரை விலக்கும் உரிமம் இங்கேயே தோற்றுவிடுகின்றது. நன்மைக்கு மட்டுமே பயன்படுத்துக என எழுதிய உரிமம் ஒன்றைக்கூட அறக்கட்டளை ஏற்கவில்லை! எது நன்மையென்று யார் தீர்ப்பது?

நம் நாட்டிலேயே இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய 'சஹானா', காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்தது. கட்டற்ற உரிமத்துடன் வெளியானமையால், 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அங்குள்ளோர் அதனை எடுத்தாள முடிந்தது. அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலப் பரிசும் அதற்கே கிடைத்தது.

கண்டி மாவட்டத்து முகாமொன்றில் பெயர்ப்பட்டியல் சிங்களத்திலும் தமிழிலும் வேண்டும். புதல்வர் இறக்கிய மென்பொருளோ ஆங்கிலம் மட்டுமே அறியும். மூலநிரல் இன்றி அதற்கு ஓர் எழுத்தைக்கூடக் கற்பிக்க இயலாது. பெயரை ஆங்கிலத்தில் தப்பாக எழுதினால், தாயைத் தேடிவரும் பிள்ளை எப்பட்டியலில் தேடும்?

இதைக் கேட்டதும் நண்பர் மௌனமானார். புதல்வர் மட்டும் தேநீர் ஆறும்வரை கணினியை விட்டு எழவில்லை. மூலநிரலைத் தரமுடியுமா, நிபந்தனையை நீக்கமுடியுமா என்று ஆக்கியவருக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.