கிணற்றுக்குள் ஒரு குருட்டுக் கெளுத்தி

கேரளத்திற்குச் சரக்கு அனுப்பும் நம் வணிகப் பெருமக்கள் கோட்டயம், திருச்சூர், இரிஞாலக்குடா என்று பில்லில் எத்தனையோ முறை எழுதியிருப்பார்கள். அந்த ஊர்களின் தரைக்கு அடியில் ஒரு கெளுத்தி மீன் குடும்பம் வாழ்கிறது என்பது பலருக்குத் தெரிந்திராது.

சந்தையில் நாம் பார்க்கும் கெளுத்தி அல்ல இது. வளர்ந்த மீனே சுமார் 4 சென்டிமீட்டர்தான். சுண்டு விரல் நீளம்கூட இல்லை. கண் கிடையாது. இருட்டிலேயே பிறந்து வளர்வதற்குக் கண் எதற்கு? தோலில் நிறமில்லாததால் உள்ளே ஓடும் இரத்தம் தெரிந்து உடல் சிவப்பாக இருக்கும். மீசை மட்டும் உண்டு.

1950இல் கோட்டயத்துக் கிணற்று மீனை ஆராய்ந்த மேனன் என்ற அறிஞர் அதற்கு 'ஹொராக்லானிஸ் கிருஷ்ணாய்' என்று பெயர் சூட்டினார். 2012இல் இன்னோர் இனத்திற்கு நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் பெயரையே வைத்துவிட்டார்கள்!

உண்மையில் இதன் வீடு கிணறு அல்ல. மலையாளத்தில் வெட்டுகல் என்று சொல்லும் செந்நிறக் கல்லில் நிறையத் துளைகள்; அவற்றில் ஊறி நிற்கும் நீர்தான் இதன் வீடு. கிணறு வெட்டும்போது அந்த நீருக்கு ஒரு ஜன்னல் திறக்கிறது, அவ்வளவே. கோடையில் கிணறு இறைத்துத் தூர்வாரும்போதோ, மோட்டார் வழியாகத் தொட்டிக்கு ஏறிக் குழாயில் விழும்போதோதான் மீன் அகப்படும். தேடிப் போய் வலை வீச வழியில்லை. அதனால் கொச்சியிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தார் ஊர் மக்களையே நம்பினார்கள். ஆறு ஆண்டுகளில் 47 புதிய இடங்கள் தெரியவந்தன. 2023இல் வெளியான நான்காவது இனத்திற்கு, மக்களைக் குறிக்கும் 'பாப்புலி' என்ற பெயரே வைக்கப்பட்டது.

இந்த மீனுக்கு ஆபத்தும் கிணற்று வழியேதான் வருகிறது. கல்லை வீடு கட்ட வெட்டுகிறார்கள். நீரை மோட்டார் உறிஞ்சுகிறது. நாம் விற்கும் பிளீச்சிங் பவுடரும் மீனுக்கு ஆகாது. 2018 வெள்ளத்திற்குப் பின் கேரளக் கிணறுகளில் அதை ஏராளமாகப் போட்டார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. மனிதன் குடிக்கும் தண்ணீர் ஆயிற்றே! ஆனால் பயன்படாத கிணற்றில் கடைக் குப்பையைக் கொட்டி மூடுவதற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

கண்ணாடித் தொட்டியில் வைத்து விற்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கவே முடியாத சரக்கு ஐயா இது! அங்குள்ள உங்கள் வாடிக்கையாளர் வாளியில் சிவப்பாக ஏதாவது நெளிந்தால், ஒரு படம் எடுத்துப் பல்கலைக்கழகத்திற்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.