பழைய கருவியைப் பேணுவதா, புதியது வாங்குவதா?

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்குக் கைப்பேசியும் கணினியும் ஆடம்பரப் பொருள்களல்ல. ஊரிலுள்ள பெற்றோரின் குரலைக் கேட்பதும், மாதந்தோறும் வீட்டிற்குப் பணம் அனுப்புவதும், பிள்ளைகள் பாடம் பயில்வதும் இவற்றின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே, இருக்கும் கருவியை இன்னும் சில காலம் வைத்துக்கொள்ளலாமா, மாற்றிவிட வேண்டுமா என்னும் வினா, குடும்பத்தின் வரவு செலவையும் பாதுகாப்பையும் ஒருங்கே தொடுவதாகும்.

வேகம் குறைந்துவிட்டது என்பது ஒன்றே கருவியைக் கழிப்பதற்குத் தக்க காரணமாகாது. அச்சாணி தேய்ந்தால் அதனை மாற்றுகிறோமேயன்றி, வண்டியை விற்றுவிடுவதில்லை. கைப்பேசியின் லித்தியம் பேட்டரி, பெரும்பாலும் 500 முதல் 1000 முறை முழுமையாகச் சார்ஜ் ஏற்றியபின், தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. அந்நிலையில் பேட்டரியை மட்டும் மாற்றினாற் போதும். ஆனால் பேட்டரி உப்பியிருக்குமாயின், தீப்பற்றும் அபாயம் உண்டு. அக்கருவியை உடனே நிறுத்திவிடுதல் வேண்டும்.

கணினி மந்தமாயின், அதிலுள்ளது சுழலும் ஹார்டு டிஸ்க்தானா என்று பார்த்தல் நலம். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தி, இடமிருந்தால் நினைவகத்தையும் 8 ஜி.பி. ஆக்கினால், பத்தாண்டுக் கணினியும் எழுத்து வேலைக்கும் படிப்பிற்கும் நன்கு உதவும். தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில் இத்தகைய உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன. செப்பனிடும் செலவு, அதே தரமுள்ள புதுக் கருவியின் விலையில் பாதியை எட்டாதவரை, செப்பனிடுவதே சிக்கனம் என்று கொள்ளலாம்.

இனி, செப்பனிட்டும் தீராத மூப்பு ஒன்றுண்டு. கருவியை இயக்கும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. தயாரித்தவர்கள் அவற்றை அடைத்துத் தருவதே பாதுகாப்புப் புதுப்பிப்பு. அது நின்றுவிட்டால், பூட்டுப் பழுதான வீட்டில் நகையை வைத்திருப்பதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 கோரும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் இல்லாத கணினிகள் மிகப் பல. அவற்றை எறிந்துவிட வேண்டுவதில்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்றதை நிறுவினால், தமிழில் எழுதவும் இணையத்தைப் பார்க்கவும் தடையிராது.

கைப்பேசியின் செட்டிங்ஸ் பகுதியில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைக் காணலாம். அது நின்று நெடுநாளாகியிருந்தால், வங்கிக் கணக்கும் யூ.பி.ஐ.யும் அதில் இருத்தல் ஆகாது. பாட்டுக் கேட்பதற்கும் பிள்ளைகளின் பாடத்திற்கும் அதனை ஒதுக்கிவிட்டு, பணத்திற்கெனப் புதிதொன்றை வாங்குவதே விவேகம். வாங்கும்போது, எத்தனை ஆண்டு புதுப்பிப்பு உண்டு என்று முதலிற் கேட்க வேண்டும். 2023இல் வந்த பிக்சல் 8, 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றிற்கு ஏழாண்டு வாக்களிக்கப்பட்டது. மலிவான பல கைப்பேசிகளுக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. பழையதை விலைக்கு வாங்குவோர், *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கண்டு, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொண்டால், திருட்டுப் பொருளென முடக்கப்பட்டதை வாங்கி ஏமாறாதிருக்கலாம்.

கருவி மாறினும் எண் மாறலாகாது. ஊரில் வாங்கிய சிம் எண்ணோடுதான் நம்மிற் பலருடைய வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறது. ரீசார்ஜ் செய்யாது விட்ட எண், சில காலத்திற்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் அவரிடமே போய்ச்சேரும்.

பழைய கைப்பேசியைப் பிறருக்குக் கொடுக்குமுன், படங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு, கணக்குகளை நீக்கி, உள்ளிருப்பதை முற்றிலும் அழித்துவிடுதல் வேண்டும். ஒன்றுக்கும் உதவாததைக் குப்பைத் தொட்டியில் இடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்திடம் சேர்ப்பித்தல் நம் கடமை. விளம்பரம் அழைக்கிறதே என்று வாங்குவதும், பழகிவிட்டதே என்று அபாயத்தைச் சுமப்பதும் ஆகிய இரண்டையும் தவிர்த்தால், உழைத்து ஈட்டிய பணம் ஊரிலுள்ளோர்க்குப் பத்திரமாய்ச் சென்று சேரும்.