புதுமுகப் பொறியியல் மாணவரும் ஆற்றுப்படுத்தலும்

பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் மாணவரை மூத்த மாணவர் எதிர்கொள்ளும் முறைக்கு ஈழத்துத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் 'பகிடிவதை' என்பதாகும். பகிடியென்று தொடங்கி வதையென்று முடியும் இச்சொல், அவ்வழக்கத்தின் வரலாற்றையே தன்னுள் அடக்கியிருக்கின்றது. 1975 இல் பேராதனையில் முதலாம் வருட மாணவி ஒருவர் அதற்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்து முடமானார். 1997 இல் அதே வளாகத்தின் பொறியியற் பீடத்துக்குப் புதிதாக வந்த தமிழ் மாணவர் ஒருவர், கடும் உடற்பயிற்சிகளுக்கு வலிந்து உட்படுத்தப்பட்டமையாற் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். மறு ஆண்டிலேயே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், அதனாற் கடுங்காயமோ பாலியற் தொந்தரவோ விளையுமாயின் பத்தாண்டு வரையும் கடூழியச் சிறை விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. ஆயினும் கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் அவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. தண்டனைக்கு அஞ்சாது அது எவ்வாறு உயிர்வாழ்கின்றது என்ற வினாவை எழுப்பாமல், புதுமுக மாணவருக்கு உதவுவது பற்றிப் பேசுதல் பயனற்றது என்பது நமது கருத்து.

முதலில் அம்மாணவர் யார் என்பதை நோக்குவோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950 இற் கொழும்பிலே தொடங்கி, 1964 இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அக்கால மாணவரிற் பெரும்பாலோர் நகரத்து ஆங்கிலக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். விரிவுரை மண்டபத்தின் மொழி அவர்களுக்கு அந்நியமானதன்று. பள்ளிக்கூட விஞ்ஞானக் கல்வி படிப்படியாகச் சுயமொழிகளுக்கு மாறியபோது, பொறியியற் பீடங்களின் போதனாமொழி மட்டும் ஆங்கிலமாகவே நின்றுவிட்டது. இன்றைய அனுமதி முறையில் 40 வீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானோர் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதமானோர் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் தெரிவாகின்றனர். இம்முறையின் நியாய அநியாயம் வேறொரு விவாதம். இங்கு மனங்கொள்ளத்தக்கது, மன்னாரிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வருவோர் ஒரே வாங்கில் அமர்கின்றனர் என்பதே.

ஆர்முடுகல், உந்தம், தொகையீடு, சடத்துவத் திருப்பம் என்னும் எண்ணக்கருக்களை ஐயந்திரிபறக் கற்று, இணைந்த கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்ற ஒருவர், முதல் வாரத்து விரிவுரையில் அவை வேறு பெயர்களோடு விரைந்து செல்வதைக் கேட்கிறார். கரும்பலகையிலுள்ள சமன்பாடு அவருக்குத் தெரியும். அதைப்பற்றிச் சொல்லப்படுவது தெரியாது. கேள்வி கேட்பதற்கு வேண்டிய வாக்கியம் அவரிடம் இல்லை. தம் ஊரிலே 'கெட்டிக்காரன்' என்று பெயர் பெற்ற அவர், தாம் அறிவிலியோ என்று முதன்முறையாக ஐயுறுகின்றார். பலர் அந்த ஐயத்தை வெளியே சொல்வதுமில்லை.

இந்த இடத்திலேதான் பகிடிவதையின் கருத்தியல் தன் பிடியை ஊன்றுகின்றது. சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்றொரு பெயருண்டு. திரு கந்தையா 1984 இல் வெளிவந்த தமது கட்டுரையொன்றில், அதிகாரத்தின் கருவியாக ஆங்கிலம் இயங்கும் விதத்தை இச்சொல்லைக் கொண்டே ஆராய்ந்தார். பகிடிவதையை நியாயப்படுத்துவோர், ஆங்கிலம் பேசுவதையும் நல்லாடை அணிவதையும் தடுத்துத் தாம் சமத்துவத்தை உண்டாக்குவதாகக் கூறுவர். இதில் ஓர் அரையுண்மை இருப்பதை முற்போக்காளர் மறுத்தல் கூடாது. வர்க்க வேறுபாடு வளாகத்தினுள்ளும் வருகின்றது. நிருவாகம் அதனைக் காணாதது போல் இருக்கின்றது. எனினும் வாளைக் கண்டு வெறுக்கக் கற்பித்தவர்கள், அதைப் பிடிக்கக் கற்பிக்கவில்லை. நகரத்து மாணவர் மூன்று மாதம் வாய்மூடியிருந்துவிட்டுப் பின்னர் தம் ஆங்கிலத்துடன் முன்னேறிச் செல்வார். கிராமத்து மாணவரோ அந்த மூன்று மாதத்தையும் இழந்தவராகிறார்.

அந்த இழப்பு சிறிதன்று. பேராதனையிலும் மொறட்டுவையிலும் தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான கற்கை. அதன் பெறுபேற்றைக் கொண்டே குடிசார், இயந்திர, மின் முதலிய துறைகள் பங்கிடப்படுகின்றன. எனவே தடுமாறிய சில வாரங்கள் ஒருவரது வாழ்நாள் தொழிலையே தீர்மானித்துவிடக்கூடும்.

பகிடிவதை வெறும் வன்முறையாக மாத்திரம் இருந்திருப்பின் என்றோ ஒழிந்திருக்கும். அடங்கி நடப்பவருக்கு அது சிலவற்றை வழங்குகின்றது: பழைய வினாத்தாள், வரைதற் கருவி, விடுதி அறையில் ஓரிடம், துன்பத்தில் ஓர் 'அண்ணா'. எல்லாவற்றிலும் முக்கியமானது 'குப்பி'. மூத்தவரோ சகமாணவரோ இரவில் அமர்ந்து பாடத்தைத் தாய்மொழியில் விளக்கும் வகுப்புக்கு நமது பல்கலைக்கழகங்களில் வழங்கும் பெயர் அது. குப்பி விளக்கை நினைவூட்டும் இச்சொல் இரு மொழி மாணவருக்கும் பொதுவாயிருப்பது நயமானது. புதியவரின் தேவை மெய்யானது. ஆனால் அதனைப் பெறுவதற்குக் கொடுக்கும் விலையே கொடியது. அதே உதவியை விலையின்றி வழங்கும் ஓர் ஒழுங்கு அமையுமாயின், பகிடிவதை தனது பண்டமாற்றை இழந்துவிடும்.

அத்தகைய ஒழுங்கின் அடிப்படை நமது இலக்கிய மரபுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படை நூல்களுள் திருமுருகாற்றுப்படை நீங்கலான ஏனைய நான்கிலும் வழிகாட்டுபவர் புரவலர் அல்லர். வறுமையால் வாடி, அவ்வழியே சென்று, பரிசில் பெற்று மீண்ட இன்னொரு கலைஞரே ஆவார். வழியிற் கிடைக்கும் உணவு எது, தங்குமிடம் எங்கே, அஞ்சவேண்டிய இடம் எது என்பவற்றை அவர் கூறமுடிவது, நேற்று அவரும் அவ்வழியே நடந்தமையினால்தான். மாணவ வழிகாட்டியிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதுவே.

ஆகவே உயர்ந்த புள்ளி பெற்றோரை மட்டும் வழிகாட்டிகளாகத் தெரிவுசெய்யும் வழக்கம் தவறானது. ஒரு பாடத்திற் தவறி, மீளத் தோற்றிச் சித்தியடைந்த இரண்டாம் வருட மாணவர் பல வேளைகளிற் சிறந்த வழிகாட்டியாவார். ஒருவரிடம் நால்வர் அல்லது ஐவருக்கு மேல் ஒப்படைத்தலாகாது. பீட அறிவித்தற் பலகையில் நூறு பெயர்களை ஒட்டிவிட்டு, முதல் நாள் தேநீர் விருந்துடன் முடிந்துபோன திட்டங்களை நாம் கண்டிருக்கிறோம். ஆய்வுகூட அறிக்கை எழுதும் முறை, பட்டறையில் அரத்தைப் பிடிக்கும் விதம், விரிவுரையாளரின் கதவைத் தட்டிச் சொல்லவேண்டிய முதல் ஆங்கில வாக்கியம் ஆகியவை ஆறு வாரத்தினுள் கைவரவேண்டிய சிறு காரியங்கள். அவற்றைக் கூட்டம் போட்டுக் கற்பித்தல் அரிது, அருகிருந்தே காட்டவேண்டும். மாணவிகள் தொகையிற் குறைந்த பீடங்களில் அவர்களுக்கு மூத்த மாணவியரே வழிகாட்டுதல் நன்று. துயர் மிகுந்தவரை உளவளத்துணையாளரிடம் அனுப்பும் எல்லையையும், அறிந்த இரகசியத்தைக் காக்கும் கடமையையும் வழிகாட்டிக்கு முன்னரே உணர்த்துதல் வேண்டும். மூத்தவர் என்ற நிலையே அதிகாரமாக மாறுவது எளிது. பகிடிவதைக்காரரே வழிகாட்டியென்ற பெயரோடு மீண்டும் வந்துவிடலாம். விரிவுரையாளர் ஒருவர் புதியவரை இரு வாரத்துக்கொருமுறை தனித்துச் சந்தித்து வினவுவதே இதற்குத் தக்க காப்பு.

வளாக நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். புதியவரைப் பார்வையாளர் வரிசையில் அமர்த்தி நடத்தும் வரவேற்பு விழா, மாலையுடன் மறந்துபோகும். பொங்கல் விழாவுக்கோ வெசாக் தன்சலுக்கோ நாடகத்துக்கோ அவர்களிடம் வேலை கொடுத்தால், பந்தற்கால் நடுகையில் ஆங்கிலம் பற்றிய அச்சமும் மூத்தவர் பற்றிய அச்சமும் ஒருங்கே தளரும். ஈர்க்கினாலும் நூலினாலும் பாலம் அமைத்து, எது கூடிய நிறையைத் தாங்குமெனப் பார்க்கும் போட்டியொன்றை இரு மொழி மாணவரும் கலந்த குழுக்களாக நடத்தலாம். தமிழ்ச் சங்கங்கள் தமிழ் மாணவருக்கு ஓர் ஊர்த்திண்ணையைத் தருவது அவசியமே. ஆனால் அத்திண்ணையிலிருந்தே நான்காண்டும் கழிந்துவிட்டால், அடுத்த அறைச் சிங்கள மாணவர் இறுதிவரை அந்நியராகவே இருப்பார். அதற்குச் சங்கங்களும் பொறுப்பேற்கவேண்டும்.

மொறட்டுவைப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர் ஆண்டுதோறும் உயர்தர வகுப்பினருக்கு முன்னோடிப் பரீட்சை நடத்திவருகின்றனர். வினாத்தாள் ஆக்கி, மண்டபங்களில் நின்று, விடை திருத்துவோர் அவர்களே. அப்பரீட்சைக்குத் தோற்றிப் பின்னர் அதே பீடத்துக்கு வரும் ஒருவர், தமது மூத்த மாணவரை முதன்முதலிற் சந்தித்தது தமது ஊர்ப் பாடசாலையில், விடைத்தாளும் கையுமாகத்தான். அங்கு தொடங்கிய உறவை வளாகத்தின் முதல் ஆறு வாரங்களுக்கும், பொதுக்கற்கையின் பெறுபேறு வெளிவந்து துறை பங்கிடப்படும் நாள்வரைக்கும் நீட்டுவதற்குப் புதிய நிதியோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. பரீட்சை மண்டபங்களுக்குப் பொறுப்பாளர் பட்டியல் தயாரிக்கும் அதே கைகள், வழிகாட்டிகளின் பட்டியலையும் தயாரிக்கலாம்.