உங்களுக்குத் தெரியுமா? கோழி வலை கோழியைக் காக்காது!

கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் கிடைக்கும் அறுகோணக் கண் கம்பிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும். தெருநாய் பல்லால் பற்றி இழுத்தால் அந்த மெல்லிய கம்பி பிரிந்துவிடும். எலியும் பாம்பும் அதன் கண் வழியே தாராளமாக நுழையும். காவலுக்கு வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான். விலை கூடுதல்தான், ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அடுத்த ஆபத்து தரைக்கு அடியில். நாயும் பெருச்சாளியும் கூண்டின் ஓரத்தில்தான் தோண்டும். ஆழமாகப் பள்ளம் வெட்டி வலையைப் புதைக்க முடியாதவர்கள், கூண்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்க விரித்து, கூண்டோடு சேர்த்துக் கட்டி, மேலே மண்ணும் கல்லும் போட்டுவிடலாம். ஓரத்தை ஒட்டித் தோண்டும் விலங்கின் நகம் வலையில் தட்டும். தள்ளி நின்று தோண்டலாம் என்று பெரும்பாலும் அதற்குத் தோன்றாது.

கீரி பகலில் வரும். மரநாய் இரவில் மரமேறி, கூரை வழியாக இறங்கும். குஞ்சுகளுக்குப் பருந்து பயம் வேறு. ஆகவே மேய்ச்சல் அடைப்புக்கும் மேல்வலை அவசியம். கூண்டில் காற்றுக்காக விடும் திறப்புகளிலும் அதே வெல்டு மெஷை அடியுங்கள்.

இன்று கோழிகளை அடைத்ததும் டார்ச்சோடு கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, விரல் நுழையும் இடைவெளி எங்கே இருந்தாலும் உடனே அடைத்துவிடுங்கள்.